எழுநூறு மீட்டர்

சாலைக்காரர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. கார் ஒன்று. மோட்டார் சைக்கிள் அரை. லாரி மூன்று. கன்டெய்னரை இழுத்துப் போகிற ட்ரெய்லர் நாலரை. மாட்டு வண்டி எட்டு. எது சாலையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது, எது பின்னால் வருகிறவனை எவ்வளவு நேரம் காக்க வைக்கிறது என்று பார்த்துப் போட்ட எண்கள். மாட்டு வண்டிக்கு எட்டு என்று சொன்னபோது அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, காரு வச்சிருக்கவன் எல்லாம் நமக்குக் கீழதான்" என்றார். நடந்து போகிறவனுக்கு எத்தனை என்று கேட்டார். அவனுக்கு எண் கிடையாது என்றேன். "அப்ப அவன் ரோட்டுலயே இல்லன்னு அர்த்தமா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

நான் சாலைகளை வடிவமைத்துக் கொடுக்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் பொறியாளர். வீடும் அலுவலகமும் தூத்துக்குடியில். பிறந்தது ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் வாழையும் போடுகிற ஊரில். அப்பா அம்மா போன பிறகு வயலைப் பார்த்துக்கொள்வது அண்ணனும் மதினியும்தான். அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் படித்தது அவர் படிக்காமல் விட்டதால். இதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை, நான் ஒருநாளும் மறந்ததில்லை.

துறைமுகத்திலிருந்து மேற்கே போகிற சாலை எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. முன்பு அது இருவழிச் சாலை. நிலக்கரி ஏற்றிய லாரி ஒன்று மெதுவாகப் போனால் போதும், அதன் பின்னால் பதினைந்து வண்டி வால் பிடித்து நிற்கும். முந்த வேண்டுமானால் எதிர்த்தடத்துக்குள் நுழைய வேண்டும். எதிரே வருவது தெரிய வேண்டும். எங்கள் பக்கமோ சாலையோரம் முழுக்க உடைமரம் அடைத்துக்கொண்டு நிற்கும், வளைவில் ஒன்றும் தெரியாது. அகலம் எவ்வளவு இருந்தாலும், முந்த முடியாத சாலை பாதி வண்டியைத்தான் தாங்கும். இதை நான்குவழியாக மாற்றி, நடுவில் திட்டுக் கட்டி, வளைவுகளை நிமிர்த்த வேண்டும் என்று முடிவானது. அந்த வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. நாற்பது கிலோமீட்டரில் பதினொரு கிலோமீட்டர் என் பொறுப்பு. அந்தப் பதினொன்றுக்குள் எங்கள் ஊரும் இருந்தது.

எனக்கு உள்ளூரப் பெருமைதான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

நான்குவழிச் சாலைக்கு எதிரி அதன் நடுத்திட்டில் விடுகிற திறப்புகள். திறப்பு இருக்கிற இடத்தில் ஒரு டிராக்டர் திரும்புவதற்காக நிற்கும். வேகத் தடம் அடைபடும். பின்னால் வருகிறவன் பிரேக் போடுவான், அவன் பின்னால் வருகிறவனும் போடுவான். இப்படி ஒவ்வொரு திறப்பும் சாலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கித் தின்னும். ஆகவே இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்று போதும் என்பார்கள். காகிதத்தில் அது சரி. ஆனால் ஊர்கள் இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்று என்று அளந்து வைத்த மாதிரி உட்கார்ந்திருப்பதில்லை.

எங்கள் ஊர் சாலைக்கு வடக்கே. வயல்கள் தெற்கே, ஆற்றுப் பக்கம். ஊருக்குக் கிழக்கே எழுநூறு மீட்டரில் விலக்கு. ஆற்றங்கரைக்குப் போகிற சிறு சாலை அங்கேதான் பிரிகிறது, வயலுக்குப் போகிற எல்லோரும் அந்த வழியாகத்தான் போவார்கள். நான் போட்ட முதல் வரைபடத்தில் இரண்டு திறப்புகள் இருந்தன. விலக்கில் ஒன்று, ஊருக்கு நேர் எதிரே ஒன்று.

அந்த வரைபடத்தை மேசையில் விரித்து உட்கார்ந்த நாளை நான் நினைக்காத நாள் இல்லை. என் மேலதிகாரி, சென்னையிலிருந்து வந்தவர், நல்ல மனிதர், ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தார். "செவன் ஹண்ட்ரட் மீட்டர்ல ரெண்டு கேப் எப்படி மேடம் கொடுக்கறது? ரெண்டுல ஒண்ண எடுத்துடுங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வரைபடக்காரர் சிரித்துக்கொண்டே, "அதுல ஒண்ணு மேடத்தோட சொந்த ஊருல்லா சார்" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி எந்த ஊர், இரண்டாவது கேள்வி யார் வீட்டுப் பிள்ளை. எந்த அலுவலகத்தில் எந்தக் காரியம் ஆனாலும் அந்த இரண்டு பதிலில்தான் ஆகும் என்று ஊரே நம்பும். எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோதும் வேலை கிடைத்தபோதும், "யாரப் புடிச்சா?" என்றுதான் கேட்டார்கள். யாரையும் பிடிக்கவில்லை என்பதை நிரூபிப்பதிலேயே என் பாதி ஆயுள் போயிற்று. அன்றைக்கும் அந்த ஒரு வரியில் எனக்குக் காது சூடாகிவிட்டது. சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஊருக்கு எதிரே இருந்த திறப்பை அடித்தேன். பக்கத்திலேயே கையெழுத்தும் போட்டேன்.

"அவ்வளவு அவசரம் இல்ல மேடம், யோசிச்சு சொல்லுங்க" என்றார் மேலதிகாரி. யோசிக்க ஒன்றுமில்லை என்றேன்.

யோசிக்க இருந்தது. ஊரிலிருந்து விலக்கு வரை வடபக்கமாக ஒரு சர்வீஸ் ரோடு, எழுநூறு மீட்டருக்கு, போட்டிருக்கலாம். இரண்டு பக்கமும் போகவும் வரவும் அது போதும். கொஞ்சம் நிலம் எடுக்க வேண்டும், கொஞ்சம் தாமதமாகும், மேலே எழுதி வாதாட வேண்டும். அதே சாலையில் வேறொரு ஊருக்காக மூன்று மாதம் அப்படி வாதாடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். என் ஊருக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. நேர்மையானவள் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்கிற ஆசை எனக்கு. அந்த ஆசைக்கு விலை அண்ணன் கொடுப்பார் என்று அந்த நிமிடத்தில் தோன்றவில்லை.

ஊரில் விஷயம் தெரிந்ததும் கொதித்தார்கள். "வீட்டுக்குள்ள ஒரு இஞ்சினியர வச்சிக்கிட்டு நாம சுத்திப் போணுமா?" என்று அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் எனக்காக ஊரோடு சண்டை போட்டார் என்பதை மதினி சொல்லித்தான் தெரியும். "எந்தங்கச்சி சட்டப்படிதான் செய்வா. நமக்குன்னு ஒரு சட்டமா?" என்று கேட்டாராம். என்னிடம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒருதடவை மட்டும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ஏளா, திறப்ப மூடுததுக்கு ஏதாவது காரணம் உண்டும்லா?" என்று கேட்டார். உண்டு என்றேன். வேகம், தாங்குதிறன், தூரம் என்று காரணங்களை அடுக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். எனக்கே நம்பிக்கை வருகிற மாதிரி பேசினேன்.

சாலை முடிந்தது. நடுத்திட்டில் அரளி வைத்தார்கள். முன்பு துறைமுகத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்த தூரம் அரை மணி நேரமாயிற்று. லாரிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். நாங்கள் எடுத்த புதுக் கணக்கெடுப்பில் எண்கள் எல்லாம் அழகாக வந்தன. மேலதிகாரி எனக்குக் கைகொடுத்தார். அந்தப் படிவத்தில் போகிற வண்டிகளுக்கும் வருகிற வண்டிகளுக்கும் கட்டங்கள் உண்டு. தடம் மாறி எதிர்த்திசையில் வருகிற வண்டியை எழுதக் கட்டம் இல்லை.

அப்படி ஒரு வண்டியை நான் சாலை திறந்த இரண்டாவது வாரத்தில் கண்டேன். வேகம் அளக்கிற கருவியோடு ஊருக்குக் கொஞ்சம் கிழக்கே, சாலையோரம், காலை ஏழு மணிக்கு நின்றுகொண்டிருந்தேன். துறைமுகத்தைப் பார்த்துப் போகிற வண்டிகள் என்னைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. கிழக்கே பார்த்தேன். சூரியன் சாலையின் முனையில், சரியாக நடுவில், உட்கார்ந்திருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாலும் ஐம்பது அடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து கறுப்பாக ஏதோ என்னைப் பார்த்து வந்தது. பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது, மொபெட். பின்னால் புல்கட்டு. அண்ணன்.

வளைவுகளையெல்லாம் நிமிர்த்தி, அளந்து பார்த்து, கிழக்கு மேற்காக நூல் பிடித்த மாதிரி நான்தான் அந்தச் சாலையைப் போட்டிருந்தேன். துறைமுகத்துக்குப் போகிற ஒவ்வொரு ஓட்டுநரும் காலையில் அந்தச் சூரியனுக்குள்தான் ஓட்டுகிறான். அந்த நேரத்தில்தான் அண்ணன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு, வீட்டுக்குத் திரும்புகிறார்.

போவதில் பிரச்சினை இல்லை. ஊரிலிருந்து கிழக்கே, சரியான தடத்தில் விலக்கு வரை போய், கடந்து, வயலுக்கு இறங்கிவிடலாம். வருவதில்தான். முறைப்படி வருவதென்றால் விலக்கில் அந்தப் பக்கத் தடத்தில் ஏறி, ஊரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தாண்டி, மேற்கே இரண்டரை கிலோமீட்டர் போய்த் திரும்பி, அதே தூரம் வர வேண்டும். கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர். எதிர்த்தடத்தில் வந்தால் எழுநூறு மீட்டர்.

"அண்ணே, இது எதிர்த்தடம்" என்றேன்.

"தெரியும்ளா. ஓரமாத்தான வாறேன்."

"வெயிலு அவன் கண்ணுல அடிக்கி. நீங்க வாறது அவனுக்குத் தெரியாது."

"எனக்கு அவன் வாறது தெரியுதுல்லா?" என்றார் அண்ணன், ஏதோ ஒரு கணக்கை முடித்துவிட்ட மாதிரி. "மாடு கத்திக்கிட்டு கெடக்கும். ஆறு கிலோமீட்டரு சுத்த முடியுமா? ஒரு நிமிசந்தான்."

நான் கத்தினேன். சாலையில் நின்று, ஆட்கள் பார்க்க, அண்ணனை என்னவெல்லாமோ சொன்னேன். அவர் எஞ்சினை அணைக்காமல் மொபெட்டில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "சரி, இனி சுத்தி வாறேன்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் எனக்காக ஒரு பொய் சொன்னார். அவர் பின்னாலேயே விலக்கிலிருந்து இன்னும் நாலு வண்டிகள் அதே மாதிரி வந்தன. எல்லாம் எங்கள் ஊர் ஆட்கள். என்னைப் பார்த்து வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஏழரை மணி ஒரு நோயாகிவிட்டது. மதினியிடம் ஒரு ஏற்பாடு செய்தேன். அண்ணன் வீட்டுக்குள் வந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு மணி, அவ்வளவுதான். "எதுக்குளா?" என்று கேட்டாள். சும்மாதான் என்றேன். மதினி அதற்கு மேல் கேட்கிறவள் இல்லை. தினமும் ஏழரைக்கு முன்பின்னாக ஒரு மணி அடித்து நிற்கும். அதுவரை என் தோசை தட்டில் ஆறிக்கொண்டிருக்கும்.

முதலில் ஒரு ஆடு அடிபட்டது. பிறகு ஊர்க்காரர் ஒருவருடைய சைக்கிளின் பின்சக்கரம். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த எழுநூறு மீட்டரில் இறங்கி நடந்து பார்ப்பேன். கறுப்பாக டயர் தேய்ந்த கோடுகள், உடைந்த கண்ணாடித் துண்டுகள், ஒரு ஒற்றைச் செருப்பு. ஒவ்வொரு தடவையும் கோடுகள் கூடியிருக்கும். ஒருநாள் அண்ணனின் மொபெட்டில் பக்கவாட்டுக் கண்ணாடிகள் இரண்டுமே இல்லை. கழற்றிவிட்டேன், தேவையில்லை என்றார். அவர் குளிக்கப் போன பிறகு மதினி சொன்னாள். ஒன்றை லாரி உரசிக்கொண்டு போய்விட்டதாம். ஒன்று மட்டும் இருந்தால் தங்கச்சி கேட்பாள் என்று மற்றதை அவரே கழற்றியிருக்கிறார்.

அப்போதாவது நான் எழுதியிருக்க வேண்டும். எழுதுவதற்கு உட்கார்ந்தேன். ஊருக்கு எதிரே திறப்பு வேண்டும், அல்லது சர்வீஸ் ரோடு வேண்டும், எதிர்த்தடத்தில் வருகிறார்கள், உயிர்ப்பலி ஆகும் என்று முதல் பக்கம் எழுதினேன். வேண்டாம் என்று மூடியவள் யார் என்று கேட்பார்களே என்கிற இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். என் மடி நிறைய இருந்தது. எச்சரிக்கைப் பலகை இரண்டு வைக்கச் சொல்லி வேறொரு கடிதம் எழுதினேன். பலகைகள் வைத்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அதில் புல்கட்டைச் சாய்த்து வைத்துவிட்டுக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எதிர்த்தடத்தில் போனார்கள்.

தை மாதத்தில் ஒருநாள் மணி அடித்தது. ஒன்று அடித்தது, இரண்டு அடித்தது, நிற்கவில்லை.

எடுத்தேன். மறுமுனையில் மதினிக்கு மூச்சு வாங்கியது. "ஏளா, பயப்படாத. அவுகளுக்கு ஒண்ணும் இல்ல. உங்க அண்ணனுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். அவளுக்குப் பின்னால் ஆட்கள் கத்துகிற சத்தம் கேட்டது.

"அப்பாடா" என்றேன் நான். சத்தமாக, வாய்விட்டு, சாமி படத்தைப் பார்த்துச் சொன்னேன். பிறகுதான் மதினி மீதியைச் சொன்னாள். நான் அப்பாடா என்று சொன்ன நேரத்தில் ஒரு மனிதர் எங்கள் ஊர் முக்கில் செத்துக் கிடந்தார். அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.

அவர் மேற்கேயிருந்து துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். கிரேன் ஓட்டுகிறவர் என்று பிறகு தெரிந்தது. பைக்கில் சரியான தடத்தில், சரியாக ஓரத்தில், ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு வந்தார். வெயில் கண்ணில். எதிரே ஓரத்திலேயே அண்ணன். கடைசி நொடியில்தான் பார்த்திருக்க வேண்டும். அண்ணன் மேல் மோதாமல் வலப்பக்கம் ஒடித்திருக்கிறார். வலப்பக்கத்தில் ட்ரெய்லர் போய்க்கொண்டிருந்தது.

அண்ணன் மேல் ஒரு கீறல் இல்லை. சத்தம் கேட்டு மொபெட்டைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். போலீஸ் வரும்வரை அந்த மனிதரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் எதிர்த்தடத்தில் வந்ததை வேறு யாரும் பார்க்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால் பழி முழுவதும் ட்ரெய்லர்காரன் தலையில் விழுந்திருக்கும். போலீஸ் வந்ததும் அண்ணன் எழுந்து நின்று, "அவுக மேல தப்பு இல்ல. இந்த டிரைவரு மேலயும் இல்ல. நாந்தான் எதுத்தாப்புல வந்தேன். எனக்காவத்தான் அவுக ஒதுங்குனாவ" என்றாராம். எங்கள் வீட்டில் நேர்மையான ஆள் யார் என்று ஊருக்கு அன்றைக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது.

நாங்கள் வடிவமைத்த சாலையில் சாவு நடந்தால், இடத்தைப் பார்த்து ஒரு அறிக்கை கொடுக்க வேண்டும். போலீசுக்கும் அதில் ஒரு நகல் போகும். வண்டியின் நிலை, வெளிச்சம், சாலையின் மேற்பரப்பு என்று பல வரிகள். ஏழாவது வரி: சாலையின் அமைப்பில் உள்ள குறை விபத்துக்குக் காரணமா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். ஆம் என்றால் விவரம் எழுத இடம்.

"வேற ஆள அனுப்பட்டுமா மேடம்? உங்க அண்ணன்னு கேள்விப்பட்டேன்" என்றார் மேலதிகாரி. ஒதுங்கியிருக்க வேண்டும். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன். வேறொருவர் வந்தால் பத்து நிமிடத்தில் இல்லை என்று போட்டுவிட்டுப் போய்விடுவார், நான்தான் உண்மையை எழுத முடியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். டேப் பிடித்து எல்லாவற்றையும் அளந்தேன். விலக்கிலிருந்து எத்தனை மீட்டர், ஊரிலிருந்து எத்தனை மீட்டர், டயர் கோடு எவ்வளவு நீளம். காலை ஏழு மணிக்குச் சூரியன் நிற்கிற இடத்தைக்கூடப் படத்தில் குறித்தேன்.

வரும் வழியில் வீட்டுக்குப் போனேன். அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை என்று மதினி சொன்னாள். வக்கீல் ஒருவரை மதினியின் வீட்டார் பார்த்திருந்தார்கள். அறிக்கையில் ரோட்டைப் பற்றி ஒரு வரி இருந்தால்கூடப் போதும், வழக்கே லேசாகிவிடும் என்று அவர் சொல்லியிருந்தார். மதினி அதை என்னிடம் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ஏளா, எனக்காவ ஒண்ணும் எழுதாத" என்றார். "அண்ணனக் காப்பாத்த எழுதுனான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரப்படாது. உனக்குன்னு ஒரு பேரு இருக்கு. உள்ளத எழுது."

உள்ளதை எழுது என்றுதான் அவர் சொன்னார். அதை நான் தெளிவாகக் கேட்டேன்.

அறிக்கையை அலுவலகத்தில், பகல் வெளிச்சத்தில், மேசையில் வைத்து எழுதினேன். ஆறு வரியும் முடிந்தது. ஏழாவதில் பேனா நின்றது. ஆம் என்று போட்டால் அண்ணனுக்காகப் போட்டாள் என்பார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் என்று எனக்கே தெரியும். ஆம் என்று போட்டால் அடுத்து விவரம் எழுத வேண்டும். விவரம் எழுதினால் பழைய வரைபடத்தை வெளியே எடுப்பார்கள். அதில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடும், பக்கத்தில் என் கையெழுத்தும் இருக்கும். பயந்தது அதற்குத்தான். ஊர்ப்பேச்சு எனக்கு ஒரு சாக்கு.

இல்லை என்கிற கட்டத்தில் டிக் போட்டேன். காரணம் என்ற இடத்தில், இருசக்கர வாகன ஓட்டி எதிர்த்திசையில் வந்தது என்று எழுதினேன். இருசக்கர வாகன ஓட்டி என்றால் அண்ணன். மேலதிகாரி படித்துப் பார்த்து, "ரொம்பப் பெரிய மனசு மேடம் உங்களுக்கு" என்றார். அலுவலகத்தில் ஒரு வாரம் அதுதான் பேச்சு. சொந்த அண்ணன் என்றுகூடப் பார்க்கவில்லை பாருங்கள் என்று பேசிக்கொண்டார்கள். நான் ஆயுள் முழுக்க ஆசைப்பட்ட பேச்சு அது.

வழக்கு ஸ்ரீவைகுண்டத்தில் நடக்கிறது. வாய்தா மேல் வாய்தா. வக்கீல் என் அறிக்கையைக் காட்டி, "இத வச்சிக்கிட்டு நான் என்னத்தப் பேச?" என்று கேட்டபோது அண்ணன், "எந்தங்கச்சி எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்று சொன்னாராம். இதையும் மதினிதான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சும்மா ஒரு செய்தியைப் போலச் சொன்னாள். செத்துப்போனவரின் பதினாறாம் நாள் அன்று அவர் மனைவி அந்த இடத்துக்கு வந்து ரோட்டோரம் பால் ஊற்றிவிட்டுப் போனாராம். அண்ணன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாராம், பக்கத்தில் போகக் கால் வரவில்லையாம்.

அண்ணனின் லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்காவிட்டாலும் அவர் இனி வண்டியைத் தொடமாட்டார். வயலுக்கு விடிவதற்கு முன்பே நடந்து போகிறார், நடந்து வருகிறார். ஆனால் புல்கட்டு, உரமூட்டை, வாழைத்தார் எல்லாம் நடந்து வராது. மதினி வண்டி ஓட்டப் பழகிக்கொண்டாள்.

போன மாதம் ஊருக்குப் போனேன். பஸ் இப்போது ஊரில் நிற்பதில்லை, விலக்கில்தான் நிற்கும். அதுவும் நான் போட்ட திட்டம்தான். மதினி வயலிலிருந்து நேராக அங்கே வந்து காத்திருந்தாள். "ஏறுளா, பிள்ளையளுக்கு இன்னும் காப்பி போடல" என்றாள். காலை ஏழேகால். நான் பின்னால் உட்கார்ந்தேன். அவள் சாலையைக் கடந்ததும் இடப்பக்கம் திருப்பினாள்.

இறங்கி நடக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சுற்றிப் போ மதினி என்று சொல்லியிருக்கலாம். ஏழாவது வரியில் நான் என்ன எழுதினேன் என்று அவளுக்குத் தெரியும், நான் சொல்வதற்கு இனி என்ன மிச்சம் இருக்கிறது? எங்கள் முதுகில் வெயில் சுட்டது. எதிரே வரிசையாக லாரிகள் வந்தன. முதல் லாரிக்காரன் கண்ணுக்கு மேல் கையை வைத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஓட்டி வந்தான். அவன் எங்களைப் பார்க்கவில்லை, எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. மதினியின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாதளா" என்றாள் மதினி, முன்னால் பார்த்துக்கொண்டே. "தெனமும் வாறதுதான."